ஏழாங்கட்டை ஆற்றுச் சாயம்

11 மார்ச் 1979

காலையில் குளத்துக்குத் தவிடு போட்டேன். திலாப்பியா உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் சுங்கை சிப்புட் பாசாரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு இந்த லயத்தில் மிஞ்சியது நாங்கள் சில குடும்பம்தான். ரப்பர்ப் பால்மரம் வெட்டிய கைக்கு வேறு வேலை தெரியாது. அவர் லாரி ஓட்டப் போனார். நான் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, பழைய மண்குழியைக் குளமாக்கினேன். கையில் காய்ப்பு இன்னும் போகவில்லை. என் குளம். வேறு யார் மண்வெட்டியும் அதில் படவில்லை.

மத்தியானம் ஒரு வேன் வந்தது. கோலாலம்பூர் ஆட்கள். சினிமா எடுக்கப்போகிறார்களாம். ஆற்றையும் பலகைப் பாலத்தையும் பார்த்துக் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பாக்கா மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தாள். "நம்ம ஆத்துல என்னடி இருக்கு, இப்பிடி ஆடுறானுங்க?"

19 மார்ச்

சினிமாக்காரர்களுக்குச் சமைக்கிறேன். முப்பது பேருக்கு மேல். சம்பளம் சரியாகக் கொடுக்கிறார்கள். குறை சொல்ல முடியாது.

டைரக்டர் பெயர் சதாசிவம். சிரித்த முகம். குழம்பு நன்றாக இருந்தால் எழுந்து வந்து சொல்லுவார். என்னைத் தங்கச்சி என்பார். காமிராவுக்கு உதவியாக இருப்பது செபாஸ்டியன் என்ற தம்பி, ஈப்போ சிலிபின் ஆள். எங்கள் வீட்டுப் பின்னறை சிமெண்டுத் தரை, குளுகுளு என்றிருக்கும். எடுத்து முடித்த படச்சுருள் டப்பாக்களை அங்கேதான் வைக்கிறான்.

"வெளிச்சம் மட்டும் பட்டுறக் கூடாதுக்கா. பட்டுச்சுன்னா அவ்வளவுதான், வெறும் பிளாஸ்டிக்கு."

டப்பாவை ஏதோ பச்சைக் குழந்தை மாதிரி இறக்கி வைக்கிறான். சிரிப்பு வந்தது.

24 மார்ச்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

இன்று சண்டைக் காட்சி. சண்டை முடிந்ததும் ஆறு ரத்தமாக ஓட வேண்டுமாம். மேலே, மதகுக்குப் பக்கத்தில், துணிக்குப் போடுகிற சாயத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறார்கள். நிறம் நிற்க ஏதோ மருந்தும் கலந்து. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நான் அடுப்பில் சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் கேட்டது. சிவப்பாக வந்ததற்குக் கைதட்டல்!

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வாய்க்கால் சிவப்பு. குளம் சிவப்பு. மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து – என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது. மண்ணை வாரி வாரி வாய்க்காலை அடைத்தேன். அடைத்து என்ன செய்ய. ஒவ்வொன்றாய்ப் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டது.

யாரோ சொல்லி சதாசிவம் ஓடி வந்தான். உதவத்தான் வருகிறான் என்று நினைத்தேன், பாவி நான். குளத்தைப் பார்த்தான். திரும்பிக் கத்தினான், "காமிராவ இங்க கொண்டாங்கடா! இயற்கையா வந்திருக்கு, விட்டுறாதீங்க!"

கொண்டுவந்தார்கள். செத்துக்கொண்டிருந்த என் மீனைப் படம் பிடித்தார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். அவன் என்னிடம் சொன்னது –

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லு. ஒன் நெழலு விழுது."

25 மார்ச்

சதாசிவத்திடம் நேரே போய்க் கேட்டேன்.

"மீனுதானேலா? ரெண்டு கூடை குஞ்சு வாங்கித் தரச் சொல்றேன். ஆறு என்ன, மழ பேஞ்சா நாளைக்கே கழுவிட்டுப் போயிரும்."

வீட்டுக்காரர் லாரியை விட்டு இறங்கியதும் சொன்னேன். குளத்தைப் பார்த்தார். பிறகு, "தோட்டத்த வாங்குன தவுக்கேகிட்ட பெர்மிஷன் வாங்கிட்டுத்தான் எடுக்குறானுங்க. நாம போலீசுக்குப் போனா, மொதல்ல இவங்க யாரு என் நெலத்துலன்னு தவுக்கே கேப்பான். அப்புறம் லயமும் போயிரும்" என்றார்.

அவர் சொல்வது சரி. அதனால்தான் இன்னும் எரிகிறது.

26 மார்ச்

மீனைப் புதைத்தேன். தள்ளி நிற்கணுமாம், நிழல் விழுதாம்.

27 மார்ச்

செய்துவிட்டேன்.

அன்றைக்கு எடுத்த டப்பா எது என்று செபாஸ்டியன் தம்பி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். நாளைக்கு வேன் எல்லாவற்றையும் கோலாலம்பூருக்குக் கொண்டுபோகிறது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பரிமாற ஆள் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பின்கட்டில் நல்ல வெயில். டேப்பை உரித்தேன். உள்ளே கறுப்புப் பை. பைக்குள் சுருள், எருமைத் தோல் மாதிரி பளபளவென்று. தளர்த்தித் தளர்த்தி வெயிலுக்குக் காட்டினேன். அந்தப் பக்கம் திருப்பி இந்தப் பக்கமும் காட்டினேன். அப்பளம் காயப் போடுவது போல.

பாரு சூரியா. நல்லாப் பாரு.

பிறகு பழையபடி சுற்றி, பையில் போட்டு, டேப்பை ஒட்டி வைத்துவிட்டேன். திரும்பிப் போய் அவனுக்கு நானே ரசம் ஊற்றினேன். "அருமை தங்கச்சி" என்றான். இன்றுதான் எனக்கும் சோறு இறங்கியது.

20 ஏப்ரல்

மறுபடியும் வந்துவிட்டார்கள்.

சதாசிவம் என் வாசலில் நின்று சொல்கிறான்: "ஆத்து சீன் பூராவும் வெள்ளையாப் போச்சு தங்கச்சி. எவன் கைவெச்சான்னு தெரியல. திரும்ப எடுக்கணும். இந்தத் தடவ கலரு கொஞ்சம் தூக்கலாப் போடப் போறோம்."

இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? படம் கெட்டால் விட்டுவிட்டா போவான்? திரும்ப எடுப்பான். திரும்ப ஊற்றுவான். நான் திறந்தது டப்பாவை அல்ல, சாய மூட்டையை.

அடிப் பாவி. அடிப் பாவி நல்லம்மா.

21 ஏப்ரல்

விடிந்ததும் என் வாய்க்காலை அடைத்தேன். கல் வைத்து, மண் வைத்து, மேலே சாக்கு போட்டு. குளத்தில் புதுக் குஞ்சு விட்டிருக்கிறேன், அதைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

பாப்பாக்கா தன் மகளைப் பார்க்கக் குனோங் ராபாட் போயிருந்தாள். சினை மாட்டை ஆற்றோரம் கட்டிவிட்டுப் போயிருந்தாள். அந்த மாட்டை நான் நினைக்கவே இல்லை. என் குளம், என் குளம் – அது ஒன்றுதான் என் புத்தியில்.

வாய் சிவக்கக் குடித்திருக்கிறது.

26 ஏப்ரல்

கன்று செத்துப் பிறந்தது. மாடு இரண்டு நாள் கிடந்துவிட்டுப் போய்விட்டது.

பாப்பாக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். "அவன் குடும்பம் வெளங்குமாடி நல்லம்மா? ஒரு தடவ செஞ்சது பத்தாதா? ரெண்டாவது தடவையும் ஏன் வந்தான்?"

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

5 மே

வேன் டிரைவர் பாக்கிப் பாத்திரத்தை எடுக்க வந்தான். அவன் சொன்னது: டப்பா கெட்டதற்கு செபாஸ்டியன்தான் காரணம் என்று சதாசிவம் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்து அனுப்பிவிட்டானாம். இனி கோலாலம்பூரில் ஒருத்தரும் அவனைச் சேர்க்க மாட்டார்கள்.

நான் எறிந்த கல் எல்லார் மேலும் விழுகிறது, அவன் ஒருத்தனைத் தவிர.

17 பிப்ரவரி 1980

படம் சுங்கை சிப்புட் தியேட்டருக்கு வந்துவிட்டது. லயமே பார்க்கப் போனது. பாப்பாக்கா வரமாட்டேன் என்றவள் கடைசியில் வந்தாள், தன் மாட்டைக் கொன்ற காட்சி எப்படி இருக்கிறது என்று பார்க்க.

ஆறு வரவில்லை.

சண்டை வருகிறது, பாலம் வருகிறது. அடுத்து நேரே கல்யாண மண்டபம். சிவப்புத் தண்ணீர் இல்லை. மீன் இல்லை. நீளம் அதிகம் என்று வெட்டிவிட்டார்களாம். விளக்கு போட்ட பிறகும் பாப்பாக்கா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் என்றைக்காவது இந்தப் பக்கம் திரும்ப வருவான். வரட்டும். இந்தத் தடவை ஒளிந்து செய்ய மாட்டேன். முகத்துக்கு நேரே.

9 ஆகஸ்ட் 1981

மறக்கவில்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

6 ஜூன் 1982

வருகிறான்! தவுக்கேயின் ஆள் வந்து சொன்னான். புதுப் படம். போன தடவை விட்டுப்போன ரத்த ஆற்றை இந்தப் படத்தில் எப்படியும் எடுத்தே தீருவானாம். அடுத்த மாதம் வருகிறார்கள்.

இத்தனை நாளாக இந்தச் செய்திக்குத்தான் காத்திருந்தேனா? அடுப்பைப் பற்ற வைக்கும்போது பாட்டு வாயில் வந்தது. என்ன பெண் நான்?

13 ஜூன்

பஸ் ஏறி ஈப்போ போனேன். சிலிபினில் விசாரித்து செபாஸ்டியனைக் கண்டுபிடித்தேன். ஒரு ஸ்டூடியோவில் அடையாளக் கார்டுக்குப் படம் பிடிக்கிறான். தலை முன்பக்கம் வழுக்கை விழுந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான்.

எப்படி ஆரம்பிப்பது என்று நான் முந்தானையைத் திருகிக்கொண்டிருக்க, அவனே சொன்னான்.

"தெரியும்க்கா. நான் டேப்பு ஒட்டுனா முனைய மடிச்சு விடுவேன். அந்த டப்பாவுல மடிக்கல."

"தெரிஞ்சும் ஏன் தம்பி சொல்லல? அடி வாங்கினியே!"

"சொன்னா ஒங்கள உள்ள தள்ளியிருப்பான். அதுவும் போக... அந்த மீன எடுக்கையில போகஸ் புடிச்சது யாரு? நான்தானே."

அழுதுவிட்டேன். அவன் டீ வாங்கி வந்தான். பிறகு பேசினோம். அவனுக்கும் உள்ளே கங்கு அணையவில்லை. பேச்சு மட்டும்தான் மெதுவாக வருகிறது.

"படத்தக் கெடுத்தா அவன் இன்னொரு தடவ எடுப்பான்க்கா. அது அவனுக்குச் செலவு, நமக்குச் சாவு. ஒரு சொட்டு ஊத்தாம அவன எடுக்க வெக்கணும். அதுதான்லா அவனுக்குத் தோல்வி."

பின்பக்கம் கூட்டிப்போனான். பெரிய பேசின் தொட்டியில் தண்ணீர். அடியில் நாலைந்து முறை அலசிய சிவப்புத் துணியை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தான். கையால் தண்ணீரை அலைத்தான். பேசின் முழுக்க ரத்தமாக அசைந்தது. துணியை எடுத்தான். தண்ணீர் தண்ணீராக இருந்தது.

"கோவத்துல வீட்டுல ஒக்காந்து யோசிச்சது" என்றான்.

11 ஜூலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் விடியும் முன்பே லாரியைப் பலகைப் பாலத்தின் மேல் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். "ரிப்பேர்னு சொல்லிக்குவோம். மத்தது ஒன் பாடு" என்றார். சினிமா வண்டியெல்லாம் அந்தப் பக்கம் வரிசையாக நின்றது. லயத்து ஆட்கள் எல்லாரும் இந்தப் பக்கம்.

சதாசிவம் இறங்கி வந்தான். தொந்தி போட்டிருக்கிறது. "அட, தங்கச்சி! நல்லா இருக்கியா? லாரிய எடுக்கச் சொல்லும்மா, நடிகரு நாலு நாள்ல மெட்ராசுக்குப் பிளேன் ஏறணும்."

"எடுக்கலாம் சார். மொதல்ல அந்தச் சாயத்துல ஒரு கைப்பிடி குடுங்க."

வேடிக்கை என்று நினைத்துக் கொடுக்கச் சொன்னான். ஒரு கிளாஸ் ஆற்றுத் தண்ணீரில் அதைக் கலக்கினேன். நன்றாகக் கலக்கினேன். நீட்டினேன்.

"குடிங்க சார். குடிச்சிட்டு எத்தன மூட்ட வேணுமோ ஊத்துங்க."

சிரித்தான். ஒருத்தரும் கூடச் சிரிக்கவில்லை.

"பைத்தியமா ஒனக்கு? இத மனுசன் குடிப்பானா?"

"மாடு குடிச்சுச்சு சார். நாங்க இதுலதான் குளிக்கிறோம். குடிங்க."

கிளாஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பின்னால் அவன் ஆட்களே வேறெங்கோ பார்த்தார்கள். அந்த முகம் சிறுத்துப்போனதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இனித்தது. பொய் எழுத மாட்டேன், நெஞ்செல்லாம் இனித்தது.

"என்னதான்லா செய்யச் சொல்ற?" என்றான், குரல் இறங்கி.

"சிலிபின்ல செபாஸ்டியன் இருக்காரு. ஊத்தாம எடுக்க அவருக்குத் தெரியும். அவரக் கூப்பிட்டு, அவரு சொல்றபடி எடுங்க. லாரி நகரும்."

"யாரு, அவனா? என் படத்தக் கெடுத்த பயலா?"

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூன்று வருஷம் நாக்கடியில் வைத்திருந்தது அது.

"கெடுத்தது அவரு இல்ல. நான்! என் வீட்டுப் பின்கட்டுல, வெயில்ல, நான் தொறந்து காட்டினேன். ஒங்களுக்கு ரசம் ஊத்துனேனே, அன்னைக்கு."

அவன் வாய் திறந்தது திறந்தபடி. என்ன சுகம்! கை வீசி, ஊரே கேட்டதா என்று பெருமையோடு திரும்பினேன்.

பாப்பாக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. ரெண்டாவது தடவ, என்று சொன்ன மாதிரி இருந்தது.

14 ஜூலை

செபாஸ்டியன் வந்தான். கிணற்றடியில் கூப்பிட்டு சதாசிவம் அவனிடம் ஏதோ சொன்னான். மன்னிப்பா என்று தெரியாது, தலை குனிந்திருந்தது. துணி விரித்து எடுத்தார்கள். செபாஸ்டியன் சொல்ல, பெரிய டைரக்டர் "சரி, சரி" என்கிறான். புகைக்கு டயர் கொளுத்த நான் விடவில்லை. ஒரு கிளை ஒடிக்க விடவில்லை. எல்லாம் முடிந்து, துணியைப் பொறுக்கி எடுக்கக் கூலிக்காரனைக் கூப்பிட்டான். "நீங்களே எடுங்க சார்" என்றேன். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். வழுக்கி விழுந்து, கல்லைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு துணியாகப் பிழிந்து கரையில் போட்டான்.

ஆறு சாயங்காலம் பழைய மாதிரியே ஓடியது.

இதற்குத்தானே ஆசைப்பட்டேன். முழுக்க நின்று பார்க்கவில்லை. பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

15 ஜூலை

பாப்பாக்கா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"என் முதுகத் தடவிக்கிட்டு நின்னியே நல்லம்மா. அப்ப ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"மாடு போச்சுன்னு அவன மூணு வருசம் சபிச்சேன். பாதிச் சாபம் ஒனக்குச் சேர வேண்டியது."

போய்விட்டாள். கத்தியிருந்தால், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2 அக்டோபர்

புதுப் படத்தில் ஆறு வருகிறதாம். நன்றாக வந்திருக்கிறது என்று செபாஸ்டியன் எழுதியிருக்கிறான். வேறு இரண்டு குழுக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்களாம், துணி வைத்து எடுப்பது எப்படி என்று கேட்டு.

பாப்பாக்கா குழாயடியில் நான் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள், பாதி நிறைந்திருந்தாலும்.

சதாசிவத்தை நினைத்துப் பார்த்தேன். கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது, அடுப்புச் சாம்பல் மாதிரி. நான் அவனை வெறுத்த மாதிரிதான் பாப்பாக்கா என்னை வெறுக்கிறாள் என்றால் – எனக்குத் தெரியும் அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று.

28 நவம்பர்

மழை. குளத்தில் மீன் பிடித்தோம். நல்லதாக நாலு எடுத்துப் பாப்பாக்கா வாசலில் வைத்தேன். சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. பூனை தின்றது.

20 மார்ச் 1983

நாடகம் எடுக்க ஒரு குழு வந்தது. செபாஸ்டியன்தான் காமிரா. இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். என்ன கொண்டுவந்தாலும் பார்ப்பேன். ஆற்றில் படுகிற பொருள் என்றால் கொண்டுவந்தவன் என் முன்னால் வாயில் வைத்துக் காட்டவேண்டும். இன்றைக்கு ஒரு பையன் அரிசி மாவைத் தின்று காட்டி இருமினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அக்கரையில் யாரோ நிற்பது தெரிந்தது. பாப்பாக்கா. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாமானாக அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நம்பி விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை. ஏன் இருக்கும்?

நான் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தேன். சாக்குகளைப் பார்த்தேன், துணி மூட்டையைப் பார்த்தேன், பெயிண்டு டப்பா இருக்கிறதா என்று வேனுக்குள் பார்த்தேன். எல்லாம் சரி. ஆரம்பிக்கலாம் என்று கை காட்டினேன்.

"நல்லம்மா."

எட்டு மாசத்தில் முதல் தடவை.

"அந்த ஜெனரேட்டருக்குப் பின்னால ஒரு டிரம்மு இருக்கு பாரு. அடியில ஒழுகுது. ஆத்துப் பக்கமாத்தான் வருது."

போய்ப் பார்த்தேன். டீசல். மண்ணில் கறுப்பாக ஒரு கோடு, கரைக்கு ஒரு முழம் இருந்தது. செபாஸ்டியனும் நானும் டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேட்டுக்கு நகர்த்தினோம். நனைந்த மண்ணை வாரிச் சாக்கில் கட்டினேன்.

"எடுத்தாச்சுக்கா!" என்று கத்தினேன்.

அவள் போகவில்லை. படப்பிடிப்பு முடிகிற வரைக்கும் அக்கரையில் அவளும் இக்கரையில் நானும் நின்றுகொண்டிருந்தோம்.